மருத மரத்துக் காட்சிச் சட்டி

கனாக்குளத்தில் வடிவு, சங்கையா என்று இரண்டு கூழைக்கடாப் பறவைகள் இருந்தன. புருஷன் பெண்டாட்டி. இருவருக்கும் நல்ல வயதாகிவிட்டது. அந்தக் குளத்தில் காலையில் பனி எழும்பினால் தண்ணீர் எது, வானம் எது என்று மீனுக்கே தெரியாது. கரையில் சும்மா போய் உட்கார்ந்தால் உங்களுக்கும் எனக்கும்கூடக் கண் சொக்கும். அப்படி ஓர் இடம்.

போன வருஷக் காற்றில் வடிவுக்கு ஒரு சிறகு ஒடிந்துபோயிற்று. இனிப் பறக்க முடியாது. ஆனால் குளத்தில் மீன் குறைகிற காலம் வந்துவிட்டது. கூட்டம் வடக்கே பெரிய ஏரிக்குப் போயாக வேண்டும்.

"நானும் உன்கூட இங்கேயே இருந்துக்கிடுதேன்!" என்றார் சங்கையா.

"இருந்து? மிச்சம் இருக்கிற மீன் ஒருத்திக்குத்தான் காணும். ரெண்டு பேரும் பட்டினி கிடக்கவா? பேசாமக் கிளம்புங்க!" என்றாள் வடிவு.

"அஞ்சு நாள் பறக்கணும் வடிவு. இந்த வயசில் நான் போய்ச் சேந்தேனா, நடுவழியில் விழுந்தேனான்னு நீ தவிச்சிக்கிட்டு இருப்பியே!"

அது உண்மை.

சங்கையாவே ஒரு வழி சொன்னார். "ஒண்ணு செய். காட்சிச் சட்டி ஒண்ணுக்குச் சொல்லிவை. அஞ்சாம் நாள் விடியக்காலம் நாங்க ஏரியில் இறங்குவோம். மத்தவங்க எல்லாம் நேரா இறங்குவாங்க. நான் மட்டும் மூணு சுத்து சுத்திட்டு இறங்குவேன். மூணு சுத்து! அதைப் பாத்தா உன் ஆளு வந்து சேந்துட்டான்னு நிம்மதியா இரு."

"சுத்தாட்டா?"

அவர் அவள் கழுத்து இறகை அலகால் கோதிவிட்டு, பனியோடு பனியாக எழும்பிப் போனார்.

காட்சிச் சட்டி என்றால் என்ன என்று கேட்பீர்கள். கருங்கல்லில் குடைந்த வாய் அகன்ற சட்டி. அதில் சுனைநீர் நிரப்பி, மேலே வானம் தெரிகிற இடத்தில் வைக்க வேண்டும். வானம் உலகத்து ஏரி குளம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது அல்லவா? அந்த வானத்தைச் சட்டித் தண்ணீர் பார்க்கும். சட்டித் தண்ணீரை நாம் பார்க்கலாம். எங்கோ இருக்கிற குளத்தில் அல்லி மலர்வதும், மீன் துள்ளுவதும் அப்படியே தெரியும். விளிம்பில் நகத்தால் தட்டினால் குளம் மாறும். ஒரு தட்டுக்கு ஒரு குளம்.

இந்தச் சட்டியைப் பொருத்துகிற வேலை குரங்குகளுடையது. மத்தியானத்துக்குள் எட்டுச் சட்டி பொருத்த வேண்டும் என்பது தலைவர் மந்தியின் கட்டளை. எட்டுக்கு ஒன்று குறைந்தாலும் அன்றைக்குப் பழம் கிடையாது. அப்புறம் வேலை எப்படி இருக்கும்? எடுத்தேன் கவிழ்த்தேன் என்றுதான் இருக்கும்!

வடிவு சொல்லிவிட்டபடி இரண்டாம் நாள் காலை சுடலை என்ற குரங்கு முதுகில் சட்டியோடு வந்தான். வந்தவுடன் ஒரு தேக்கிலையை நீட்டினான்.

"பெரியம்மா, சேத்தில் காலை வச்சு இதில் ஒரு தடம் பதிங்க!"

"என்னய்யா இது?"

"சட்டி நல்லாத் தெரியுது, எனக்குத் திருப்திங்கிறதுக்கு அடையாளம்."

"இன்னும் சட்டியே வைக்கலையே!"

"முதல்ல தடம், பிறகு சட்டி. அதுதான் எங்க முறை. பொருத்தின பிறகு கேட்டா எல்லாரும் பேச்சை வளக்காங்க. பதிங்க, பதிங்க! இன்னும் ஆறு வீடு கிடக்கு!"

வடிவு நல்ல மனசுக்காரி. வேலைக்கு வந்தவனைக் காக்க வைக்கக் கூடாது என்று நினைத்தாள். காலைச் சேற்றில் தோய்த்து இலையில் வைத்துக் கொடுத்தாள். அந்த நல்ல மனசுதான் பிறகு வினையாகப் போயிற்று.

சுடலை மருத மரத்தில் விறுவிறு என்று ஏறினான். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே ஒரு கிளையில் கொடியால் சட்டியைக் கட்டினான். மூங்கில் குழாயில் கொண்டுவந்த சுனைநீரை ஊற்றினான். பக்கத்துக் கிளையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். விரல்களால் டக் என்று ஒரு தட்டுத் தட்டினான்.

"அடடா! மாந்தோப்புக் குளம்! கரை முழுக்கப் பழம்! என்ன துல்லியம், என்ன துல்லியம்!"

கீழே வடிவு அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது சட்டியின் கறுத்த அடிப்பாகம்தான்.

"ஏ ஐயா! எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"எனக்குத் தெரியுது பெரியம்மா! போகப் போகப் பழகிரும்!"

"வடக்கே பெரிய ஏரிக்கு எத்தனை தட்டு தட்டணும்? அதையாச்சும் சொல்லிட்டுப் போ!"

ஆனால் சுடலை அதற்குள் மூன்று மரம் தாண்டியிருந்தான். வாலின் நுனி மட்டும் இலைகளுக்கு நடுவில் தெரிந்தது. அவனிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வடிவு நின்ற இடத்தில் நின்று பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வடிவு சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாள் ஒடிந்த சிறகை இழுத்துக்கொண்டு மைனாவின் பொந்துக்கு நடந்தாள். சட்டி வேலையில் குறை இருந்தால் கேட்பது அங்கேதான். வழியெல்லாம் மூங்கில் பூ உதிர்ந்து கிடந்தது. வேறு நாளாக இருந்தால் நின்று ரசித்திருப்பாள். அன்றைக்கு அவள் மனசெல்லாம் அந்த மூன்று சுற்றில் இருந்தது.

பொந்துக்கு முன்னால் ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. கண்ணில் பூ விழுந்த கிழக்கரடி. "எத்தனை நாளா இருக்கீக?" என்று கேட்டாள் வடிவு.

"இங்க உக்காந்த பிறகுதான் இந்த நகம் இவ்வளவு வளந்துச்சு!" என்றது கரடி.

வடிவின் முறை வந்தபோது மாலையாகிவிட்டது.

"தங்கள் குறை எங்களுக்கு மிகவும் முக்கியம்!" என்றது மைனா.

"சந்தோஷம்மா. சட்டி மரத்து மேல இருக்கு. என்னால ஏற முடியாது. இறக்கி வைக்கணும். நாளைக் கழிச்சு விடியக்காலம்…"

"தங்கள் குறை எங்களுக்கு மிகவும் முக்கியம்!"

"அதான் சொன்னியே! நாளைக் கழிச்சு விடியறதுக்குள்ள வரணும். என் வீட்டுக்காரர் உயிரோட போய்ச் சேந்தாரான்னு எனக்குத் தெரியணும்!"

மைனா பொந்துக்குள் தலையை விட்டு ஒரு தேக்கிலையை இழுத்து வந்தது. "இது யார் கால்தடம்? உங்களுடையதுதானே? திருப்தி என்று இருக்கிறதே!"

"பொருத்துறதுக்கு முன்னாலயே வாங்கிட்டுப் போனாங்கம்மா!"

"ஆகட்டும். ஆள் வருவார். எப்போது என்று சொல்வதற்கில்லை. அடுத்தவர் வரலாம்!"

நாலாம் நாள் முழுவதும் வடிவு மரத்தடியை விட்டு அசையவில்லை. மீன்கூடப் பிடிக்கவில்லை. ஒருவரும் வரவில்லை.

ஐந்தாம் நாள் விடிகிற நேரம். குளத்தின் மேல் பனி புகைந்து எழுந்தது. கிழக்கே வானம் தாமரை மொட்டு நிறமாயிற்று. இந்நேரம் கூட்டம் ஏரிக்கு மேலே வந்திருக்கும். வடிவு மருத மரத்தை அண்ணாந்து பார்த்தாள். மருத மரப் பொந்தில் முத்துப்பேச்சி என்ற அணில் குடியிருந்தாள். மூன்று பிள்ளைக்காரி.

"ஏ முத்துப்பேச்சி! உனக்குப் புண்ணியமாப் போகும்! கொஞ்சம் ஏறிப் பாரேன்!"

முத்துப்பேச்சி பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடி ஏறினாள்.

"மாந்தோப்பு தெரியுது பெரியம்மா!"

"அது வேண்டாம்! விளிம்பில் தட்டு!"

டக்! "முதலைக் கிடங்கு!" டக்! "எருமை குளிக்குது!" டக்! டக்! "ஒரே பாசி!"

"தட்டிக்கிட்டே இரு தாயி! பெரிய ஏரி வரும்! வெள்ளையா ஏதாச்சும் தெரியுதா?"

"தெரியுது! தெரியுது பெரியம்மா! கூட்டமா… வெள்ளை வெள்ளையா…"

"மேல சுத்துதா? எத்தனை சுத்து?"

"ஐயோ… அது அல்லிப்பூ பெரியம்மா."

முத்துப்பேச்சி மறுபடி தட்டினாள். பதினான்கு குளம் தாண்டியதும் அவளுக்கு மூச்சு வாங்கிற்று. கொஞ்சம் நிறுத்தினாள். நிறுத்தினால் சட்டி முதல் குளத்துக்கே திரும்பிவிடும். அதையும் யாரும் சொல்லித் தரவில்லையே! மறுபடி மாந்தோப்பு. மறுபடி முதலை. மறுபடி எருமை. பாவம், அந்தச் சின்ன நகம் தேய்கிற அளவுக்குத் தட்டினாள்.

பனி விலகியது. வெயில் குளத்தில் பளபள என்று விழுந்தது.

"போதும், இறங்கி வா முத்துப்பேச்சி," என்றாள் வடிவு. "பிள்ளைக அழுவுதுக. இறங்கியிருந்தா இந்நேரம் இறங்கியிருப்பாக."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே கண்ணுக்கே எட்டவில்லை. எனக்கு அந்தக் குரங்கை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. ஆனால் வடிவு திட்டவில்லை. தண்ணீர் ஓரமாகப் போய் வடக்கே பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

ஏழாம் நாள் சுடலை சீட்டியடித்துக்கொண்டு வந்தான்.

"என்ன பெரியம்மா, குறை சொல்லியிருந்தீங்களாமே! சட்டி நல்லாத்தானே இருக்கு?"

"இப்படி வாய்யா. நான் உக்காந்திருக்கிற இடத்தில் வந்து உக்காரு."

சுடலை வந்து உட்கார்ந்தான்.

"இன்னும் குனி. என் தலை உயரத்துக்குக் குனி. இப்ப மேல பாரு. என்ன தெரியுது?"

சுடலை பார்த்தான். கறுத்த கல் தெரிந்தது. கல்லில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"ஐயையோ!" என்றான் சுடலை.

அவன் குதித்து ஏறிச் சட்டியை இறக்கினான். கரைப் பாறையில் வைத்தான். அங்கேயும் மேலே வானம் தாராளமாக இருந்தது. அலகால் பிடித்துத் தட்ட வசதியாக ஒரு குச்சியை விளிம்பில் கட்டிவிட்டான். "பெரிய ஏரிக்கு இருபத்தொரு தட்டு. நடுவில் நிறுத்தக் கூடாது. ஏரி வந்ததும் குச்சியை விளிம்பில் சாச்சு வச்சா அப்படியே நிக்கும்," என்று சொல்லிக் கொடுத்தான். எல்லாம் சேர்த்து வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. இந்த வேலைக்குத்தான் ஏழு நாள்!

வடிவு இருபத்தொரு தட்டு தட்டினாள். சட்டித் தண்ணீர் கலங்கித் தெளிந்தது. பெரிய ஏரி விரிந்தது. நீல நீர், நீண்ட நாணல். அதில் நூறு நூறாகக் கூழைக்கடாக்கள். எல்லாம் வெள்ளை வெளேர் என்று, மேகம் இறங்கி மிதக்கிற மாதிரி இருந்தது.

"படம் எப்படி இருக்கு பெரியம்மா?" என்று ஆசையாகக் கேட்டான் சுடலை.

"பளிச்சுன்னு இருக்குய்யா."

"பிறகு ஏன் அழுவுதீங்க?"

"இதில் எது என் ஆளு?"

சுடலைக்குப் புரியவில்லை. வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். "உசரத்தில் இருந்து பாத்தா எல்லாக் கூழைக்கடாவும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். அதனாலதான் மூணு சுத்து சுத்துதேன்னு சொல்லிட்டுப் போனாரு. சுத்துனாரோ, சுத்தலையோ! அந்த ஒரு காலைதான்யா எனக்கு வேண்டியிருந்தது."

சுடலை சட்டிக்குள் முகத்தைக் கொண்டுபோனான். "இதுவா பெரியம்மா? இந்த ஓரத்தில் நிக்கிறது? இல்லை இதுவா? மெல்ல நடக்குதே, வயசான பறவைதான்! இது?"

"தெரியலையே ராசா."

அன்றைக்கு அவனுக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி இருந்தது. அவன் போகவில்லை. ஒவ்வொரு பறவையாகக் காட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொன்றுக்கும் வடிவு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வெயில் சாய்ந்தது. ஏரியில் பறவைகள் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டன. அப்புறம் எதற்கும் முகம்கூட இல்லை.

"பெரியம்மா, நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யுதேன்!" என்றான் சுடலை.

"செய்ய ஒண்ணும் இல்லைய்யா. மழை பெஞ்சா கூட்டம் திரும்பி வரும். அதில் அவரு இருந்தா இருக்காரு. நீ போ. அந்தக் கரடி இன்னும் மைனா பொந்து வாசலில்தான் உக்காந்திருக்கும். அவருக்கும் ஏதாச்சும் பாக்க வேண்டிய நாள் இருக்கும். அது தப்பறதுக்கு முன்னால போ!"

சுடலை எழுந்து ஓடினான். வடிவு சட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, தூங்குகிற அத்தனை பறவைகளையும் தன் ஆளாகவே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயலாதவருக்குச் செய்கிற வேலையை அவர் இருக்கிற இடத்தில் குனிந்து பார்த்து, அவருக்கு வேண்டிய நேரத்திலேயே செய்து கொடுங்கள். நாள் தப்பிய பின் எவ்வளவு திருத்தமாகச் செய்தாலும் போன காலை திரும்பி வராது.