யானை நடந்த பாதையும் கீரியின் காரும்

மருதங்காட்டில் செம்பி என்றொரு கீரி இருந்தாள். ஆள் முழங்கை நீளம்தான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் புலிக்குக்கூட வழி விடமாட்டாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடை தொடங்கும்போது கார்ப் பந்தயம் நடக்கும். ஜெயித்த கூட்டம்தான் கோடை முழுவதும் குளத்தில் முதலில் தண்ணீர் குடிக்கும். கடைசியாக வந்த கூட்டம் கடைசியில்தான் குடிக்கலாம். மூன்று வருடங்களாகத் தெளிந்த தண்ணீர் செந்நாய்களுக்கு. கலங்கல் கீரிகளுக்கு. போன கோடையில் அந்தச் சேற்றுத் தண்ணீரைக் குடித்துச் செம்பியின் குட்டிகள் மூன்றும் வயிற்றுப்போக்கில் துவண்டுபோயின. அதை நினைத்தாலே செம்பிக்கு நெஞ்சு கொதிக்கும்.

"இந்த வருஷம் முதல் தண்ணி நம்ம குட்டிகளுக்குத்தான்!" என்று கூட்டத்தின் நடுவில் நின்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பந்தயப் பாதையை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை. பத்து நாள் முன்னதாக, ஆலமரத்தடியிலிருந்து யானை குளத்துக்கு நடந்து போகும். அது நடந்த வழிதான் அந்த வருடத்துப் பாதை. யானையோடு யார் போய் வழக்காடுவது? மூன்று வருடங்களாக அது சமவெளியில் நூல் பிடித்ததுபோல் நடந்தது. இந்த வருடம் என்ன தோன்றியதோ, குடுமி மலைமேல் ஏறி இறங்கிப் போனது.

செம்பி தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு முள்ளப்பன் பட்டறைக்குப் போனாள். முள்ளப்பன் ஒரு முள்ளம்பன்றி. காட்டுக்கே அவன்தான் மெக்கானிக்.

"வேகம் பத்தலை. என்ன மாட்டலாம்?" என்று கேட்டாள்.

"டர்போதான்! செந்நாய் வண்டியில அதான் இருக்கு. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க!"

"கேட்டவங்க எல்லாரும் ஜெயிச்சாங்களா?"

முள்ளப்பனின் முட்கள் சிலிர்த்தன.

"வேற என்ன இருக்கு?" என்றாள் செம்பி.

"சூப்பர்சார்ஜர் இருக்கு. ரெண்டும் செய்யறது ஒரே வேலைதான். எஞ்சினுக்குள்ள கூடுதலா காத்தைத் திணிக்கும். டர்போவை எஞ்சின் விடற புகை சுத்தும். சூப்பர்சார்ஜரை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுத்தும்."

அப்போது வாசலில் ஒரு விசில் கேட்டது. செந்நாய்க் கூட்டத்தின் ஓட்டுநர் சீழ்க்கையன் உள்ளே வந்தான்.

"சூப்பர்சார்ஜரா? வேண்டவே வேண்டாம் தங்கச்சி! எஞ்சினோட பலத்துல கொஞ்சத்தை அதுவே தின்னுடும். டர்போ வீணாப்போற புகையில ஓடுது. பேசாம என்னை மாதிரியே போட்டுக்கோ!"

அக்கறை பொத்துக்கொண்டு வந்ததாக நினைக்க வேண்டாம். அவனுடைய எஞ்சின் பெரியது. அவளும் அதே சாமானை மாட்டினால், அவளால் தன்னைத் தாண்டவே முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"அண்ணன் சொல்றது நிஜம்தான். ஆனா புலியைப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கக் கூடாது பாருங்க! நான் போய்ப் பாதையைப் பாத்துட்டு வரேன்."

"பாதையா?" சீழ்க்கையன் விழுந்து விழுந்து சிரித்தான். "நாங்க இரையைப் பாத்து ஓடற இனம். பாதையைப் பாத்து ஓடற இனம் இல்லை!"

செம்பி மறுநாளே மலையை நடந்து அளந்தாள். ஏற்றத்தில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றைத் திரும்பி நாலு குதி குதித்தால் அடுத்தது வந்து நிற்கிறது. இறக்கத்தின் அடியில் மட்டும் குளம்வரை கொஞ்சம் நேர்பாதை. பட்டறைக்குத் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மிதிச்ச உடனே டர்போவோட பலம் வருமா?"

"உடனே வராது. புகை சேர்ந்து அது வேகமாச் சுத்தணும். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணறதுக்குள்ள வந்துடும்."

"ரெண்டு எண்ணறதுக்குள்ள நான் அடுத்த வளைவுல பிரேக் போட்டிருப்பேன்! பெல்ட்டுல சுத்தறது?"

"மிதிச்ச கணமே வந்துடும்."

"அப்போ அதையே மாட்டுங்க. கொஞ்சம் பலத்தைத் தின்னா தின்னட்டும். வேலை செய்யறவனுக்குச் சோறு போடாம முடியுமா?"

பந்தய நாள் வந்தது. கழுகு கிரீச்சிட்டது. கார்கள் சீறின!

முதல் வளைவைத் திரும்பியதும் செம்பி மிதித்தாள். கார் துள்ளி ஏறியது. பின்னால் வந்த சீழ்க்கையனும் மிதித்தான். கார் அசமந்தமாக நகர்ந்தது. இன்னும் அழுத்தினான். டர்போ ஒருவழியாக விழித்துக்கொண்டு பாய்ந்தபோது அடுத்த வளைவு மூக்குக்கு நேரே நின்றது! அலறிக்கொண்டு பிரேக் போட்டான். ஒவ்வொரு வளைவிலும் இதே கூத்து. ஆத்திரம் தாங்காமல் ஒன்பதாவது வளைவில் பாதி திரும்பும்போதே முழுசாக மிதித்துவிட்டான். பலம் திடீரென்று வந்தது. கார் வழுக்கி உண்ணிச்செடிப் புதருக்குள் பாதி நுழைந்தது. பின்னுக்கு எடுத்து வெளியே வருவதற்குள் செம்பி அடுத்த வளைவைத் தாண்டிவிட்டாள்.

கதை அதோடு முடியவில்லை. நேர்பாதை வந்ததும் டர்போ தன் சுயரூபத்தைக் காட்டியது. செந்நாயின் கார் ஊளையிட்டுக்கொண்டு நெருங்கியது. பத்துக் கார் நீளம் இருந்த இடைவெளி ஐந்தானது, மூன்றானது. செம்பி திரும்பிப் பார்க்கவே இல்லை. வளைவுகளில் சம்பாதித்தது இங்கே போதும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு கார் நீளம் முந்தி அவள் குளக்கரையைத் தொட்டாள்!

குட்டிகள் மூன்றும் ஓடிவந்து தண்ணீரில் வாய் வைத்தன. அடியில் கிடந்த கூழாங்கற்கள் பளிச்சென்று தெரிந்தன. செம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

சீழ்க்கையனோ காரிலிருந்து இறங்கியதும் முள்ளப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்த ஓட்டை டர்போவைக் கழட்டி வீசு! இப்பவே எனக்கு சூப்பர்சார்ஜர் மாட்டு! அடுத்த வருஷம் பாத்துக்கறேன்!"

"மாட்டிக்கோங்க அண்ணே! ஆனா அடுத்த வருஷம் யானை எந்த வழியா நடக்கப் போகுதுன்னு உங்ககிட்ட சொல்லிடுச்சா?" என்று கேட்டாள் செம்பி.

சீழ்க்கையன் விசிலடிக்க வாயைக் குவித்தான். காற்றுதான் வந்தது.

போகும் வழியைப் பார்க்காமல், போன வருடம் ஜெயித்தவனைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பவன் நல்ல கருவியோடுதான் தோற்பான்.