கரட்டுமலைப் பொன்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். பக்கத்து நாட்டு ராஜாவிடம் தங்கச் சுரங்கம் இருக்கிறதே, நம்மிடம் இல்லையே என்று அவருக்கு ஓயாத வயிற்றெரிச்சல். அவர் நாட்டில் இருந்ததெல்லாம் கரட்டுமலை என்ற ஒரு குட்டி மலைதான். அதை ஆசை தீரக் குடைந்து பார்த்தார்கள். கொஞ்சம் காந்தக்கல் வந்தது. பச்சை படிந்த செம்புக்கல் கொஞ்சம் வந்தது. ஒருநாள், மஞ்சளாகப் பளபளக்கும் கல் கூடை கூடையாக வந்து இறங்கியது.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம் மலையும் பொன் ஈன்றுவிட்டது. இதைப் பொன் இல்லை என்று எவன் சொன்னாலும், உடுத்த துணியோடு அவனை எல்லைக்கு அப்பால் துரத்துங்கள்" என்று ஆணையிட்டார்.

அந்தச் சபையில் ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே இருந்தவன் கொன்றையன். பேரமைச்சர் விருபாட்சருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தாம் மணிக்கணக்காகப் பேசியும் வாங்க முடியாத தலையசைப்பை, அவன் ஒரு கேலியில் வாங்கிவிடுகிறானே என்ற பொறாமை. அந்த மஞ்சள் கல்லை அமைச்சர் ஏற்கனவே ரகசியமாகத் தீயில் போட்டுப் பார்த்திருந்தார். அதில் குன்றிமணிப் பொன்கூட இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"மகாராஜா, இந்தப் பொன்னில் தங்களுக்கு ஒரு மணிமுடி செய்ய வேண்டும். அந்தப் பெரும்பேறு நம் கொன்றையனுக்கே கிடைக்கட்டும். தங்கள் பிறந்தநாளுக்குள் முடி வரவில்லை என்றால், பொன்னை அவன் தின்றுவிட்டான் என்றுதானே பொருள்?" என்றார் அமைச்சர்.

"அப்படியே ஆகட்டும். முடி வராவிட்டால் அவனும் எல்லைக்கு அப்பால்" என்றார் ராஜா.

கொன்றையன் ஒரு கல்லை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுப்பில் போட்டான். சற்று நேரத்தில் அவன் மனைவி செங்கமலம் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தாள்.

"அடுப்புல வாணத்தையா போட்டீங்க? கந்தக நாத்தம் மூச்சை முட்டுது."

"ராஜாவோட கிரீடம் வேகுது."

அவள் இடுக்கியால் கல்லை வெளியே எடுத்தாள். கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. "இது பொன்னே இல்லீங்க."

"மெல்லப் பேசு. வெளியில கேட்டா மூட்டை கட்டணும்."

"பேசாட்டியும் கட்டத்தானே வேணும்? கிரீடம் எங்கேருந்து வரும்?"

கொன்றையனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. பிறந்த ஊரை விட்டு எங்கே போவது? பக்கத்து நாட்டு ராஜா பல்வலிக்காரர், சிரிக்கவே மாட்டாராம். அவரிடம் போய்ப் பிழைக்கவா முடியும்?

"நாளைக்கு அமைச்சர் வீட்டுல பொண்ணு கல்யாணத்துக்குப் பொன்னுருக்கு. நம்மளையும் அழைச்சிருக்காங்க. எந்த முகத்தோட போறது?" என்று செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பொன்னுருக்கு என்றால் சாதாரணமா? தாலிக்கான பொன்னை இரண்டு வீட்டாரும் பார்த்திருக்கப் பத்தர் உருக்க வேண்டும். அதில் ஒரு சின்னக் குறை வந்தாலும் சம்பந்தி வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். கொன்றையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்கு ஓடினான்.

"மகாராஜா, மணிமுடியை ஜமாய்த்துவிடலாம். ஆனால் புது மலையின் முதல் பொன் ஒரு மங்கல காரியத்துக்குப் போவதல்லவா அழகு? நாளை அமைச்சர் வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்குத் தங்கள் கையாலேயே கரட்டுமலைப் பொன்னைக் கொடுத்தால் அந்தப் பெண் நூறாண்டு வாழ்வாள். முடி வேலையை அதன்பின் தொடங்குகிறேன்."

"நல்ல யோசனை. நானே வருகிறேன்" என்றார் ராஜா. பக்கத்தில் நின்ற அமைச்சருக்கு வேர்த்துக் கொட்டியது.

மறுநாள் அமைச்சர் வீட்டுக் கூடத்தில் பத்தர் கரியடுப்பை மூட்டி உட்கார்ந்திருந்தார். அடுப்புக்கு நேர் எதிரே மாப்பிள்ளையின் தாயார் அசையாமல் அமர்ந்திருந்தார். ராஜா வெள்ளித் தட்டில் மஞ்சள் கல்லை வைத்து நீட்டினார்.

அமைச்சர் கொன்றையனைத் தூணோரம் இழுத்தார். "எப்படியாவது அதை மாற்றிவிடு. உனக்கு என்ன வேண்டுமானாலும் தருகிறேன்."

"எதற்கு மாற்ற வேண்டும், பிரபு? மகாராஜாவே பொன் என்று சொல்லிவிட்டாரே" என்றான் கொன்றையன்.

பத்தர் கல்லை இடுக்கியில் எடுத்தார். தீக்கு மேலே கொண்டு போனார். கூடம் முழுக்கக் கந்தகப் புகை மண்டுவதும், சம்பந்தியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவதும், மகள் அழுவதும் அமைச்சரின் கண்முன் வந்து நின்றன. பாய்ந்து போய்ப் பத்தரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் பத்தரே. அது பொன் இல்லை."

ராஜாவின் மீசை துடித்தது. "விருபாட்சரே, இது தெரிந்தேயா எனக்கு மணிமுடி செய்யச் சொன்னீர்?"

சம்பந்தியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் நேரே ராஜாவிடமே கேட்டுவிட்டார். "ராசா, நீங்களே சொல்லுங்க. அது பொன்னுதானா?"

"பொன் இல்லை, அம்மா. வெறும் மலைக்கல். தாலிக்கு அரண்மனையிலிருந்து நல்ல பொன் தருகிறேன்" என்றார் ராஜா.

கொன்றையன் முன்னால் வந்து, கைகட்டி, மிகுந்த பணிவோடு கேட்டான். "மகாராஜா, தாங்கள் எல்லை வரைக்கும் போகப் பல்லக்கா, குதிரையா?"

ராஜா அவனை முறைத்தார். பிறகுதான் தம் ஆணை அவருக்கு நினைவு வந்தது. முதலில் மீசைதான் அசைந்தது. அப்புறம் தொப்பை குலுங்கியது. கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆணை ரத்து. ஒருவரும் எங்கும் போக வேண்டாம். விருபாட்சரே, உம் மகள் முகத்துக்காக உம்மை மன்னித்தேன். இனி கரட்டுமலைக் கல்லை எல்லாம் மலைக்கே திருப்பிச் சுமந்து போடும் வேலை உம்முடையது."

பிறகு தம் கையிலிருந்த காப்பைக் கழற்றிக் கொன்றையனிடம் கொடுத்தார். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்படியே பத்தர் பக்கம் திரும்பி, "ஐயா, அடுப்பு அணைவதற்குள் இதையும் கொஞ்சம் சோதித்துப் பார்த்துவிடுங்களேன்" என்றான்.

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்து விலா நோவெடுத்ததுதான் மிச்சம். காப்பு சுத்தப் பொன்தான் என்று பத்தர் சொன்ன பிறகே கொன்றையன் அதைக் கையில் மாட்டிக்கொண்டான்.