நாமக்கோழியும் ஆட்காட்டியின் கணக்கும்

பெரியமலைக் காட்டின் தெற்கு ஓரத்தில் நெடுங்குளம் என்று ஒரு குளம் இருந்தது. அதில் செங்கமலம் என்ற நாமக்கோழி குடியிருந்தாள். உடம்பெல்லாம் கரிக்கறுப்பு. நெற்றியில் மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளை நாமம். கரையோரத் தண்ணீரில் கோரையைப் பின்னி மிதக்கும் கூடு கட்டியிருந்தாள். கூட்டில் ஐந்து முட்டைகள். அவளும் அவள் கணவன் பொன்னுரங்கனும் மாறி மாறி அடைகாத்தார்கள்.

காட்டுக்கு ராஜா சிங்கம். அது மலை உச்சியில் இருந்தது. குளத்தில் எந்தக் காரியம் என்றாலும் மலைக்கு ஆள் அனுப்பி உத்தரவு கேட்க வேண்டும். "மதகை மூடலாமா?" என்று கோடையில் கேட்டால், "மூடலாம்!" என்று அடைமழையில் பதில் வரும். அதற்குள் குளம் ஒருமுறை வற்றி மறுபடி நிரம்பியிருக்கும்.

குளத்து உயிர்கள் மலைக்குப் போய்ப் போய் முறையிட்டன. கடைசியில் சிங்கம் மனம் இறங்கியது.

"காட்டுக்கு ராஜா நான்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் குளத்துக் காரியத்தை இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்! உங்களுக்கென்று ஒரு சபை. அதற்கு ஒரு தலைவர். வருகிற பௌர்ணமியன்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்!" என்றது.

குளமே குதூகலித்தது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள்.

ஒருவன் கருமுகன் என்ற காட்டுப்பன்றி. "கரையைக் கொஞ்சம் உடைத்துவிடுவோம். தண்ணீர் வெளியே பரவட்டும். எல்லாருக்கும் சேறு! எந்நாளும் சேறு!" என்றான் அவன்.

மற்றவள் செங்கமலம். அவளுக்குப் பதவி ஆசை கிடையாது. ஆனால் அந்த மண்கரையைப் பற்றி அவளுக்கும் அவள் கணவனுக்கும் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தாழம்புதர் இருக்கும் இடத்தில் கரை பலவீனமாக இருந்தது. வயல் எலிகள் குடைந்த வளைகள் வழியே தண்ணீர் கசிந்தது. தினமும் காலையில், ஒருவர் அடைகாக்க, மற்றவர் குளத்து அடியிலிருந்து களிமண்ணை அலகால் அள்ளி வந்து, கோரையோடு சேர்த்து அந்த வளைகளை அடைப்பார்கள்.

"கரை உடைந்தால் நம் கூடு எங்கே மிதக்கும்? நீ நின்றுதான் ஆக வேண்டும்" என்றான் பொன்னுரங்கன். நின்றாள்.

மறுநாள் காலை ஓர் ஆட்காட்டிக் குருவி மெல்லிய மஞ்சள் கால்களால் குடுகுடுவென்று ஓடி வந்தான்.

"அக்கா! அக்கா! கரையோரம் பத்துப் பேரைக் கேட்டேன். ஓட்டு யாருக்கு என்று! பத்தில் ஆறு பேர் உங்கள் பக்கம்!"

செங்கமலத்தின் அலகில் களிமண் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்.

"ஆறா? நிஜமாகவா?"

"நிஜமாக! நாளைக்கும் கேட்டுச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த 'ஆறு' அவள் காதில் தேனாகப் பாய்ந்துவிட்டது. "சொல்லு, தம்பி" என்றாள்.

அடுத்த நாள் விடியும்போதே அவள் கரைமேல் வந்து நின்றுவிட்டாள். ஆட்காட்டி வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தான்.

"ஐந்து, அக்கா."

"ஐந்தா! நேற்று ஆறு என்றாயே! அந்த ஒருவர் யார்? ஏன் போனார்?"

"கொக்குகள் முகம் சுளிக்கின்றன, அக்கா. நீங்கள் தினமும் அடிமண்ணைக் கிளறுகிறீர்களாம். தண்ணீர் கலங்கிவிடுகிறதாம். மீன் கண்ணுக்குத் தெரியவில்லையாம்."

செங்கமலம் கொக்குகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். அன்று களிமண் எடுக்கவில்லை. "ஒருநாள் விட்டால் என்ன?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஆறு! அவள் சிறகடித்துத் துள்ளினாள். அதற்கடுத்த நாளும் களிமண் எடுக்கவில்லை. ஆறுதான்! ஆனால் அதற்கும் மறுநாள் மறுபடி ஐந்து.

"இப்போது என்ன குறை?" என்று அலறினாள்.

"தவளைகளுக்குத் தண்ணீர் ஆழம் போதவில்லையாம்."

அவள் தவளைகளிடம் ஓடினாள். "நான் வந்தால் குளத்தை ஆழப்படுத்துவேன்!" என்றாள். தவளைகள் கைதட்டின. அது கொக்குகளின் காதுக்குப் போனது. ஆழமான தண்ணீரில் கொக்கு எப்படி நின்று மீன் பிடிக்கும்? அவள் கொக்குகளிடம் ஓடினாள். "அப்படிச் சொல்லவே இல்லை! உங்கள் பக்கம் கணுக்கால் தண்ணீர்தான்!" என்றாள். நத்தைகளிடம் ஒன்று சொன்னாள். முயல்களிடம் இன்னொன்று சொன்னாள். படுக்கும்போது யாரிடம் என்ன சொன்னோம் என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

கருமுகனும் சும்மா இல்லை. அவன் ஒரு காக்கையை வைத்துக் கணக்கெடுத்தான். ஒருநாள் செங்கமலம் புதர் மறைவில் நின்றபோது, அந்தக் காக்கை ஒரு கிழ ஆமையைக் கேட்பது காதில் விழுந்தது.

"உங்கள் ஓட்டு யாருக்கு, பெரியவரே?"

"கருமுகனுக்குத்தான்! வேறு யாருக்கு?" என்றது ஆமை.

செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. காக்கை போனதும் ஆமையின் முன்னால் போய் நின்றாள்.

"நேற்று ஆட்காட்டியிடம் எனக்குத்தான் என்று சொன்னீர்களே!"

"சொன்னேனே, அம்மா!"

"இன்று காக்கையிடம் பன்றிக்கு என்கிறீர்களே!"

"ஆசையாகக் கேட்கிறார்கள். முகம் வாடாமல் அனுப்ப வேண்டாமா?" என்றது ஆமை.

"அப்படியானால் உண்மையில் யாருக்குப் போடுவீர்கள்?"

"அன்றைக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அதோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று. பத்தில் ஆறு என்றால் அந்த ஆறில் எத்தனை ஆமைகள்? காலையில் ஒரு தடவை கேட்டு வந்த ஆட்காட்டியை மத்தியானமும் அனுப்பினாள். பிறகு சாயங்காலமும் அனுப்பினாள். எண்ணிக்கை ஏறினால், "இறங்கிவிடுமோ?" என்று பயந்தாள். இறங்கினால், "இன்னும் இறங்குமோ?" என்று நடுங்கினாள். தீனி இறங்கவில்லை. நாமம்கூட மங்கிப்போனது.

பொன்னுரங்கன் கூட்டில் தனியாகக் கிடந்தான். அடைகாக்க மாற்று ஆள் இல்லை. முட்டைகளை விட்டு எழுந்தால் பருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அவனால் வளைகளை அடைக்கப் போக முடியவில்லை. கூட்டில் இருந்தபடியே கரையைப் பார்த்தான். முதலில் கசிவு நூலாக இறங்கியது. பிறகு கோரைத்தண்டு கனத்துக்கு இறங்கியது. வெள்ளமாக ஒழுகாததால் வேறு யாரும் கவனிக்கவில்லை.

"செங்கமலம், கொஞ்ச நேரம் கூட்டில் உட்கார். நான் போய் அடைத்துவிட்டு வருகிறேன்" என்று கெஞ்சினான்.

"இன்று முடியாது. முயல்கள் மாறிவிட்டனவாம். போய்ப் பேச வேண்டும்!"

"அப்படியானால் நீயே போகிற வழியில் இரண்டு வாய் மண்ணாவது வைத்துவிட்டுப் போ!"

"ஐயோ, மண்ணா! கொக்குகள் பார்த்தால் ஒன்று குறைந்துவிடும்! ஜெயித்த மறுநாள் முழுக் கரையையும் அடைக்கிறேன். சபையே நம் கையில் இருக்குமே!"

"கரை பௌர்ணமிக்காகக் காத்திருக்குமா?" என்றான் அவன்.

அதற்குள் அவள் முயல்களைத் தேடிப் பறந்துவிட்டாள்.

ஓட்டுக்கு முந்தின நாள் மலைமேல் கருமேகம் திரண்டது. நண்பகலில் மழை கொட்டியது. ஓடைகள் சிவப்பாகப் பெருகிக் குளத்துக்குள் பாய்ந்தன. தண்ணீர் மளமளவென்று ஏறியது.

செங்கமலம் மருத மரத்தடியில் நனைந்துகொண்டு நின்றாள். ஆட்காட்டி கடைசிக் கணக்கோடு வர வேண்டும். அப்போது கூட்டிலிருந்து பொன்னுரங்கனின் குரல் கேட்டது.

"செங்கமலம்! கரை வாய் திறக்கிறது! ஓடி வா! எல்லாரையும் கூப்பிடு!"

அவள் கூட்டின் பக்கம் திரும்பினாள். சிறகை விரித்தாள். எதிரே ஆட்காட்டி சொட்டச் சொட்ட ஓடி வந்தான்.

"அக்கா! எட்டுப் பேரைக் கேட்டுவிட்டேன்! நாலுக்கு நாலு! இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி! அதோ அந்தப் புற்றடியில் இரண்டு உடும்புகள் ஒதுங்கியிருக்கின்றன. நீங்களே வந்து ஒரு வார்த்தை சொன்னால் ஆறு!"

செங்கமலம் கரையைப் பார்த்தாள். புற்றைப் பார்த்தாள். புற்று பக்கத்தில் இருந்தது.

"ஒரே ஒரு வார்த்தைதானே! சொல்லிவிட்டு உடனே..." என்று புற்றை நோக்கி ஓடினாள்.

உடும்புகளிடம் அவள் பேச வாயெடுத்தபோது, மரம் முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. தாழம்புதர் வேரோடு சாய்ந்தது. கரை பிளந்தது. நெடுங்குளம் மொத்தமும் அந்தப் பிளவு வழியாகப் பாய்ந்தது.

அவள் அலறிக்கொண்டு பறந்தாள். மிதந்த கூடு சுழன்று சுழன்று உடைப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பொன்னுரங்கன் முட்டைகள்மேல் சிறகை விரித்துப் படுத்திருந்தான். அவள் போய்க் கோரையைக் கவ்வி இழுத்தாள். வெள்ளத்தின் முன் அவள் எம்மாத்திரம்! கூடு ஒரு கருவேல மரத்தில் மோதிக் கிழிந்தது. முட்டைகள் ஒவ்வொன்றாக நழுவின. சிக்கிய கிளையில் ஒரே ஒரு முட்டையைப் பொன்னுரங்கன் கால்களுக்கு நடுவே பிடித்து நிறுத்தினான்.

அவன் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பௌர்ணமி. குளம் இருந்த இடத்தில் சேறு பளபளத்தது. நடுவில் ஒரு குட்டையில் மீன்கள் முதுகு தெரிய நெளிந்தன. மலையிலிருந்து சிங்கத்தின் தூதராக ஒரு மந்தி வந்து மருத மரத்தடியில் உட்கார்ந்தது. சொன்ன நாளில் ஓட்டு நடந்துதான் தீர வேண்டுமாம். எல்லாரும் சேற்றை மிதித்து வந்து, தங்களுக்குப் பிடித்தவரின் குவியலில் ஒரு கூழாங்கல்லைப் போட்டார்கள். மந்தி கூழாங்கற்களை எண்ணியது. இரண்டு தடவை எண்ணியது.

"பத்துக்கு ஆறு வீதம் செங்கமலத்துக்கு! சபைத் தலைவி செங்கமலம்!"

"நான் சொன்னேனே! இம்மியும் பிசகவில்லையே!" என்று ஆட்காட்டி குதித்தான்.

வேறு யாரும் குதிக்கவில்லை. கொக்குகள் வேறு குளம் தேடிப் போவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. கருமுகன் மட்டும் சேற்றில் சுகமாகப் புரண்டபடி சிரித்தான்.

"தோற்றது நான்தான், தலைவியே! ஆனால் நான் கேட்டதையெல்லாம் நீ கொடுத்துவிட்டாய்!"

செங்கமலம் தலைகுனிந்து நின்றாள். பிறகு எல்லாரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கரை கசிந்தது எனக்குத் தெரியும்" என்றாள். "ஓட்டு குறையுமே என்று அடைக்காமல் விட்டேன். தவளைகளுக்கு ஆழம் என்றேன், கொக்குகளுக்குக் கணுக்கால் தண்ணீர் என்றேன். இரண்டும் பொய். இந்தப் பதவி வேண்டாம் என்றால் இப்போதே இறங்கிவிடுகிறேன். ஆனால் கரையை மட்டும் கட்ட விடுங்கள்."

சில கொக்குகள் பறந்து போயின. முயல்கள் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. கிழ ஆமை மட்டும், "அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கிறதா?" என்று கேட்டது.

"தெரியவில்லை" என்றாள் அவள்.

உடைப்பின் அடியில் இறங்கினாள். ஒரு வாய் களிமண் எடுத்தாள். வைத்தாள். இன்னொரு வாய் எடுத்தாள். ஆமை மெல்ல நகர்ந்து வந்து ஒரு மண்கட்டியை முட்டித் தள்ளியது. பின்னாலேயே தவளைகள் இரண்டு மூன்று வந்தன.

ஆட்காட்டி அவள் அருகே வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, நீங்கள் பேசியதைப் பற்றி எல்லாரும் என்ன நினைக்கிறார்கள்? ஒரு சுற்றுக் கேட்டு வரட்டுமா?"

ஒரு கணம் அவள் அலகு நின்றது. 'எத்தனை பேர்?' என்ற பழைய கேள்வி மறுபடி எழுந்தது. அலகிலிருந்த மண்ணை உடைப்பில் வைத்து அழுத்தினாள்.

"கேட்க வேண்டாம், தம்பி. மண் எடுத்து வா!" என்றாள்.

பிறர் மனத்தில் தனக்கு எத்தனை இடம் என்று எண்ணிக்கொண்டே இருப்பவர், அவர்கள் நம்பி ஒப்படைக்கும் காரியத்தைக் கோட்டைவிடுவார்.