இரண்டு கொத்து உரம்

அரசர் கீர்த்திமாறருக்கு ஆயிரம் மரம் கொண்ட வாழைத்தோட்டம் ஒன்று இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குடியானவனின் தோட்டம். மண் ஒன்று, வாய்க்கால் ஒன்று. குடியானவன் வண்டி வண்டியாகக் குலை வெட்டினான். அரசருக்கு வந்ததோ ஆண்டுக்கு மூன்று வண்டிக் குலையும் முப்பது ஓலை அறிக்கையும்தான்.

அறிக்கை எழுதியவர் பிரதானி வரதப்பர்.

"காவலாள் சடையாண்டி திருடுகிறான், அரசே! மாதம் தவறாமல் நானே நேரில் போய்ப் பார்க்கிறேன். பிறகும் விளைச்சல் ஏன் குறைகிறது?"

"அடுத்த அறுவடையும் இப்படியென்றால் அவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார் அரசர்.

சபைப் புலவர் கொழுந்தப்பர் எழுந்தார். "அந்த ஓர் அறுவடையை என் பொறுப்பில் விடுங்கள், அரசே."

"ஆள் வேண்டுமா, எரு வேண்டுமா?"

"ஒன்றும் வேண்டாம்."

"விளையாவிட்டால் புலவரையும் அதே வண்டியில் ஏற்றிவிடலாமே!" என்றார் பிரதானி.

"ஏற்றலாம்" என்றார் கொழுந்தப்பர்.

தோட்டத்தில் சடையாண்டி காலில் விழுந்தான். "ஒரு சீப்புகூடத் தொட்டதில்லை, சாமி! பெரியவங்க வந்தா, குலை தள்ளின மரமா வெட்டி வழியெல்லாம் கட்டணும். பிரதானி ஐயாவுக்கு நாப்பது மரம். மகாராசா வந்தா நூறு. கணக்கப்பிள்ளைக்குக்கூட நாலு! குலை ஏன் குறையுதுன்னு பார்க்க வர்றாங்க. அவங்க வர வரத்தான் குறையுது!"

"கட்டாமல் விட்டால்?"

"மரியாதை தெரியாதவன்னு முதுகுத் தோலை உரிச்சிடுவாங்க."

கொழுந்தப்பர் அவன் காதில் ஏதோ சொன்னார். சடையாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா, சாமி?"

"பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொள். அவள் நியாயம் தெரிந்தவள்."

அதன்பின் புலவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அரண்மனையில் உட்கார்ந்து ஆடுபுலி ஆடினார். பிரதானி மூன்று முறை பல்லக்கில் தோட்டத்துக்குக் கிளம்பினார். மூன்று முறையும் தோட்ட வாசலோடு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். ஆனாலும் கடமை தவறாதவர் அல்லவா? 'தோட்டம் முழுதும் துருவிப் பார்த்தேன், ஒரு குலைகூட இல்லை' என்று மூன்று அறிக்கையும் எழுதிவிட்டார்.

அறுவடையன்று அரண்மனை வாசலில் முப்பது வண்டிக் குலை வந்து நின்றது.

அரசர் வாய்பிளந்தார். "என்ன உரம் போட்டீர், புலவரே?"

"வேப்பிலை, அரசே. இரண்டு கொத்து."

"ஆயிரம் மரத்துக்கு இரண்டு கொத்தா?"

"மரத்துக்கு இல்லை. வாசலுக்கு."

பிரதானி துள்ளி எழுந்தார். "வேப்பிலையைப் பார்த்து, உள்ளே அம்மை கண்டிருக்கிறது என்றல்லவா திரும்பினேன்! அப்படியானால் அங்கே அம்மை வரவே இல்லையா?"

"வந்தது, பிரதானியாரே. மூன்று முறை பல்லக்கில் வந்தது. வேப்பிலையைக் கண்டதும் திரும்பிவிட்டது."

நாற்பது மரக் கதையையும் கேட்டபின் அரசருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சடையாண்டிக்குத் தங்கக் காப்பு! நாளைக்கே நான் தோட்டத்துக்கு வந்து என் கையால் போட்டுவிடுகிறேன்!"

கொழுந்தப்பர் பதறிக் கைகூப்பினார்.

"காப்பை ஆளிடம் கொடுத்தனுப்புங்கள், அரசே. நீங்கள் வந்தால் நூறு மரம்!"