புதினா பேச்சை விட்ட கதை

செடிகொடிகளுக்கு வாய் இருந்த காலம் அது. வாய் இருந்தால் சும்மா இருக்குமா? விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கொல்லையில் ஒரே பேச்சுதான். கத்தரிச்செடி பூச்சியைத் திட்டும். அவரைக்கொடி பந்தலைக் குறை சொல்லும். கறிவேப்பிலை மரத்துக்கோ தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. "எந்தக் குழம்பானாலும் என்னைக் கூப்பிடாமல் இறக்குவார்களா?" என்று பெருமை பேசும். சாப்பிடும்போது தன்னைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கிவைப்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடாது.

அந்தக் காலத்துப் புதினா, இப்போது நீங்கள் பார்க்கிற புதினா இல்லை. ஒற்றைத் தண்டாக நேரே எழும்பி, மேலே ஏழெட்டுக் கிளை விட்டு, இடுப்பு உயரம் நிற்கும். மண்ணுக்குள் ஒரே ஓர் ஆணிவேர். தரையில் படரவெல்லாம் அதற்குத் தெரியாது. வருடத்துக்கு ஒரு முறை பூக்கும், விதை முற்றும், விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். அடுத்த மழைக்கு அதன் பிள்ளைகள் முளைக்கும். இலையைக் கடித்தால் நாக்கில் குளுகுளுவென்று ஒரு காரம் இருக்கும். ஆனால் மணம் மருந்துக்குக்கூடக் கிடையாது. நாள் முழுக்கத் தடவினாலும் கையில் வெறும் பச்சை வாசம்தான் ஒட்டும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சடையன் என்று ஒருவன் இருந்தான். அரைக்கீரைப் பாத்தி போட்டுப் பிழைப்பவன். அரிவாளைத் தரையோடு சாய்த்து ஒரே இழுப்பு இழுத்தால் ஒரு பிடி கீரை கையில் வந்துவிடும். அறுத்த இடத்தில் பத்தே நாளில் மறுபடியும் துளிர்த்து நிற்கும். பிறந்ததிலிருந்து இதையே பார்த்தவன் என்பதால், உலகத்தில் உள்ள பச்சையெல்லாம் அறுக்க அறுக்கத் துளிர்க்கும் என்பது அவன் நினைப்பு. கெட்டவன் இல்லை. அவசரக்காரன், அவ்வளவுதான்.

அவன் மனைவி வேம்பாயிக்கு அப்போது மூன்றாம் மாதம். இதற்கு முன்பு இரண்டு முறை வயிற்றில் வந்தது தங்காமல் போயிருந்தது. இந்த முறை மசக்கை அவளை உருக்கி எடுத்தது. கஞ்சி குடித்தால் கஞ்சி வெளியே வந்தது, தண்ணீர் குடித்தால் தண்ணீர் வந்தது. கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். இப்படியே போனால் பிள்ளையும் தங்காது, பெற்றவளும் தங்க மாட்டாள் என்று ஊரே பேசிக்கொண்டது.

ஒருநாள் காலையில் அவள் கொல்லைப்பக்கம் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு புதினாச் செடி நின்றது. அந்த வருடம் மழை பொய்த்து, ஊரில் முளைத்த புதினா நாற்றெல்லாம் கருகிப்போய், மிஞ்சியது அது ஒன்றுதான்.

"வேம்பு, என் இலையில ரெண்டைக் கடிச்சுப் பாரேன்" என்றது புதினா.

"பச்சைத் தண்ணியே உள்ள நிக்க மாட்டேங்குது. இலையா நிக்கப்போகுது?"

"நின்னா நிக்கட்டும், இல்லாட்டித் துப்பிடு. சும்மா சலிச்சுக்காதே."

கடித்தாள். நாக்கு குளிர்ந்தது, தொண்டை குளிர்ந்தது, வயிற்றில் சுருண்டு சுருண்டு எழுந்தது மெல்ல அடங்கியது. வேம்பாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தினமும் ஆறு இலை எடுத்துக்க. அடியில இருக்கிறதை மட்டும் கிள்ளு, உச்சியைத் தொடாதே. பூ விட்டிருக்கு பாரு. இன்னும் இருபது நாள்ல விதை முத்திடும். எங்க சனத்துல நான் ஒருத்திதான் மிச்சம். இந்த விதையும் போச்சுன்னா புதினான்னு ஒரு பேரே இருக்காது."

"அப்போ நீயும் மாசமா இருக்கேன்னு சொல்லு."

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

வேம்பாயிக்கு வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "உன் உச்சியில கை வைக்க மாட்டேன். என் வயித்துல இருக்கிறது மேல ஆணை" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் ஆறே இலை. உப்பும் புளியும் ஒரு மிளகாயும் வைத்துத் துவையலாக அரைத்துக்கொண்டால் நாலு வாய் சோறு இறங்கியது, இறங்கியது நின்றது. ஆனால் புதினாவுக்குக் கொடுத்த வாக்கை அவள் சடையனிடம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை. இது நமக்குள்ளே இருக்கிற பேச்சு, ஆம்பிளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். அங்கேதான் வினை.

பத்தாம் நாள் சாப்பிடும்போது வேம்பாயி, "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கறேன் மாமா" என்றாள். சடையனுக்குக் கை கால் ஓடவில்லை. தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்ன துவையல் புள்ள இது?"

"கொல்லையில நிக்குதே, அந்தப் புதினாதான்."

அவ்வளவுதான் கேட்டான். மறுநாள் காலையில் வேம்பாயி தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, அரிவாளோடு கொல்லைக்கு வந்தான். தனக்குத் தண்ணீர் ஊற்றத்தான் வருகிறான் என்று நினைத்த புதினா, "வா சடையா" என்று வாயெடுத்தது. அதற்குள் அரிவாளைச் சாய்த்து ஒரே இழுப்பு.

குடத்தை இறக்கி வைத்த வேம்பாயியின் மடியில் செடியை முழுசாகக் கொண்டுவந்து போட்டான். "இந்தா புள்ள, வயிறார அரைச்சுச் சாப்பிடு. கிள்ளிக் கிள்ளி எத்தனை நாளைக்கு?" அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

வேம்பாயி பூவைத்தான் முதலில் பார்த்தாள். ஒன்றைப் பிரித்து நகத்தால் கீறினாள். உள்ளே விதையும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அடப் பாவி மனுசா! என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்கறே!"

"எதுக்குப் புள்ள கத்தறே? பத்து நாள்ல துளிர்த்துட்டுப் போகுது."

"அது என்ன உன் அரைக்கீரையா துளிர்க்கறதுக்கு? ஒத்தை வேருக்காரி. புள்ளை பெத்துக்க இருபது நாள் கேட்டா. உச்சியைத் தொட மாட்டேன்னு என் வயித்து மேல ஆணை வச்சேன். நீ வந்து அடியோட அறுத்துட்டியே!" சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். சடையனுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் செத்துப்போய், அரிவாளைக் கீழே போட்டான்.

மடியில் கிடந்த புதினா பேசியது. குரல் அரைகுறையாகத்தான் வந்தது. "அழாதே வேம்பு. ஆனது ஆச்சு. இலையை ஆய்ஞ்சு எடுத்துக்க. வாடிப்போனா உனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. உன் புள்ளையாவது தங்கட்டும்." அதற்குமேல் அதற்குப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். இல்லை.

செடியில் ஏழு கிளை இருந்தது. மூன்றைச் சடையன் ஒடித்துக்கொண்டு ஓடினான். எப்படியாவது விதையை முற்ற வைத்துவிட வேண்டும் என்று அவனுக்கு வேகம். இலை பூவோடு அப்படியே தன் பாத்திகளிலேயே நல்லதாக ஒன்றைப் பார்த்து, எரு கொட்டி, நல்ல வெயிலில் ஊன்றினான். மூன்றே நாளில் மூன்றும் சருகாகின.

மீதி நாலு கிளையின் இலையை வேம்பாயி அழுதுகொண்டே ஆய்ந்தாள். பாதியை அரைத்தாள், பாதியை நிழலில் உலர்த்தி வைத்தாள். மொட்டைத் தண்டு நாலும் கையில் மிஞ்சியது. குப்பைக்குழியில் போட மனசு வரவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், கறிவேப்பிலை மர நிழலில், ஈர மண்ணில் விரலால் குழி பண்ணி நாலையும் நட்டு வைத்தாள். ஏன் அங்கே? வெயிலில் ரெண்டு எட்டு வைத்தால் அவளுக்குத் தலை சுற்றும். வேறு பெரிய யோசனையெல்லாம் கிடையாது. அங்கே தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், ஆனால் சரிவு என்பதால் தேங்கி நிற்காது. தினமும் வாய் கொப்பளித்து முகம் கழுவியதும், செம்பில் மிச்சமிருக்கிற தண்ணீரைத் தண்டின் அடியில் ஊற்றுவாள்.

கறிவேப்பிலை சிரித்தது. "குச்சிக்குப் போய்த் தண்ணி ஊத்தறாளே! இவளுக்கு மசக்கை தலைக்கு ஏறிடுச்சு." கத்தரிச்செடியும் கூடச் சேர்ந்து சிரித்தது. வேம்பாயி யாரையும் சட்டை பண்ணவில்லை.

செடியை அறுத்த ஒன்பதாம் நாளோடு உலர்த்தி வைத்த இலையும் தீர்ந்தது. பத்தாம் நாள் குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்தது. பதினொன்றாம் நாளும் அப்படித்தான். அன்று சாயங்காலம் அடிவயிற்றில் ஒரு வலி எழுந்தது. முன்பு இரண்டு முறை வந்த அதே வலி. இந்தப் பிள்ளையும் போய்விடப்போகிறது என்று பயந்துகொண்டே வேம்பாயி, சுவரைப் பிடித்து நடந்து, பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய்ச் சரிந்து உட்கார்ந்தாள். குனிந்தவள் கண்ணில் அது பட்டது. மொட்டைத் தண்டின் கணுவில் ரெண்டு இலை. எள்ளளவுதான் இருக்கும்.

மண்ணைக் கொஞ்சம் விலக்கினாள். ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வெள்ளையாக வேர்.

"ஏ புதினா! உசிரோடதான் இருக்கியா? பேசு, ஒரு வார்த்தை பேசு!"

பதில் இல்லை. வாய் அந்த அரிவாளோடு போய்விட்டது. இலை இத்தனூண்டு, அதைக் கிள்ள அவளுக்கு மனசு வரவில்லை. உயிரே போனாலும் கிள்ளக் கூடாது என்று, சும்மா விரல் நுனியால் தடவிக் கொடுத்தாள்.

குப்பென்று ஒரு மணம் எழுந்தது. அதுவரைக்கும் எந்தச் செடியிலும் யாரும் முகராத மணம். மூக்கு வழியாக ஏறி, தொண்டை வழியாக இறங்கி, வயிறுவரைக்கும் குளிர்ந்தது. குமட்டல் நின்றது. கொஞ்ச நேரத்தில் வலியும் அடங்கியது. வாயில்லாதவள் தன்னால் முடிந்ததைக் கொடுத்துப் பதில் சொல்கிறாள் என்று வேம்பாயிக்குப் புரிந்தது. விரலை மூக்கின் மேல் வைத்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றிரவு குடித்த கஞ்சி உள்ளே நின்றது. அதற்குப் பிறகு தினமும் வந்து தடவுவாள், முகர்ந்துகொள்வாள், போய்ச் சாப்பிடுவாள். செடி நன்றாகத் தழைத்த பிறகுதான் நுனியைக் கிள்ள ஆரம்பித்தாள். கிள்ளிய இடத்தில் ஒன்றுக்கு ரெண்டாகக் கிளைத்தது.

புதினாவும் பாடம் படித்திருந்தது. ஒரே இடத்தில் ஒற்றை வேரில் நின்றால் ஒரே இழுப்பில் எல்லாம் போய்விடும் என்று அதற்குத் தெரிந்துபோனது. அதனால் மண்ணுக்கு அடியிலேயே காலை நீட்டி, இங்கே ஒரு முளை, அங்கே ஒரு முளை என்று கிளம்பியது. கறிவேப்பிலையின் அடியைச் சுற்றி வளைத்தது. கத்தரிப் பாத்தியில் தலை நீட்டியது. "இவளை யார் இங்கே விட்டது?" என்று கத்தரிச்செடி கூப்பாடு போட்டது. கடைசியில் வேம்பாயி நாலு தண்டை எடுத்து ஓர் ஓட்டைப் பானையில் நட்டுத் தனியாக வைக்கவேண்டியதாயிற்று. பூ மட்டும் பழைய வழக்கப்படி விட்டது. ஆனால் விதையை நம்பி உட்கார்ந்திருக்கிற புத்தியைப் புதினா அதோடு விட்டது.

இத்தனையும் நடக்கையில் சடையன் அந்தப் பக்கம் தலை வைக்கவே இல்லை. கொல்லைக்கு வந்தாலும் வேலியோரமாகச் சுற்றித்தான் போவான். "போய்ப் பாருங்களேன் மாமா, எப்படித் தழைச்சிருக்குன்னு" என்று வேம்பாயி சொன்னால், "வேலை கிடக்கு" என்று நழுவிவிடுவான்.

மாதம் நிறைந்து வேம்பாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கெட்டியான குழந்தை. அழுத அழுகை தெருக்கோடிவரை கேட்டது. பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்த சடையன், திருப்பிக் கொடுத்துவிட்டு நேராகக் கொல்லைக்கு நடந்தான். புதினாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கத்தரிச்செடி பேச்சை நிறுத்தியது. அவரைக்கொடி எட்டிப் பார்த்தது. கறிவேப்பிலைகூட வாயை மூடிக்கொண்டது.

"பொண்ணு பொறந்திருக்கு" என்றான். "உன் இலையில பொழைச்ச புள்ளை. நான்... நான்தான் உன்னை அறுத்தவன். தெரியுதா?"

செடி அசையவில்லை. அறுத்த அதே கையை நீட்டினான். தொடலாமா கூடாதா என்று ரெண்டு முறை பின்னுக்கு இழுத்து, கடைசியில் ஓர் இலையின் மேல் விரலை வைத்தான்.

வேம்பாயிக்குக் கொடுத்த அதே மணம். ஒரு துளி குறையவில்லை. சடையன் அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அன்று முதல்தான் புதினா, வருவது வளர்த்த கையா வெட்டிய கையா என்று பார்ப்பதே இல்லை. யார் தொட்டாலும் மணக்கிறது.