தாண்டவராயர் வாங்கிய தாம்பூலம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மணற்கரை என்ற கடலோர நாட்டை உக்கிரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், சாயங்காலம் அதை மறந்துவிடுவான். சபையில் யாரும் கொட்டாவி விடக் கூடாது என்று ஒருநாள் உத்தரவிட்டான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனே இரண்டு கொட்டாவி விட்டான்.

அவன் சபையில் தாண்டவராயர் என்று ஒரு பிரபு. பணத்துக்குக் குறைவில்லை. குறையெல்லாம் ஒன்றுதான்: தினமும் ராஜா தன் கையால் வெற்றிலை மடித்து மந்திரி மருதப்பருக்குக் கொடுப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாண்டவராயருக்கு வயிறு எரியும்.

அந்தச் சமயத்தில் துறைமுகத்துக் கப்பல் கூட்டு ஒன்று நொடித்துப் போனது. இந்தக் காலத்தில் கம்பெனி என்கிறோமே, அதேதான். வியாபாரம் முழுகினால் அதன் தராசைச் சந்தை வாசலில் தலைகீழாகத் தொங்கவிடுவது அந்த ஊர் வழக்கம். மிச்சமிருப்பதைக் கடன் கொடுத்தவர், கூலி பாக்கி உள்ளவர் எல்லாருக்கும் அவரவர் பாக்கிக்குத் தக்கபடி பங்கு வைப்பார்கள். பங்கு வைத்ததில் கப்பல் பாய் தைத்த பெண்களுக்குக் கஞ்சிக்குக்கூடக் காணவில்லை. தாண்டவராயரோ, தராசு கவிழ்வதற்குச் சற்று முன்னால், தான் கொடுத்த கடனை வட்டியோடு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

பாய் தைக்கும் முத்தாச்சி சபைக்கே வந்துவிட்டாள். "மகாராசா, வருசம் முச்சூடும் ஊசி புடிச்ச கை இது. எங்களுக்குக் கால் பங்குகூடத் தேறல. இந்த அய்யாவுக்கு மட்டும் முழுசும் எப்படிப் போச்சு?"

சட்டம் என்ன என்று ராஜா கேட்டான். முழுகப் போவது தெரிந்தே பணத்தை உருவியவர் அதைப் பொதுப் பங்கில் திரும்பப் போட வேண்டும், தெரியாமல் வாங்கியிருந்தால் அது அவர் அதிர்ஷ்டம் என்றார் மருதப்பர். தாண்டவராயர் உடனே கைகட்டி நின்றார். எனக்கு வியாபாரத்தில் ஒன்றுமே தெரியாது, கொடுத்ததை வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான் என்று கண் கலங்கினார். ராஜா மந்திரி பக்கம் திரும்பி, "இவருக்குத் தெரியும் என்று நாளைக்குள் காட்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் கூலியை உம் வீட்டிலிருந்து கொடும்" என்றான். தாண்டவராயர் அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் மருதப்பர் வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. இவ்வளவு பெரிய கூட்டு முழுகியதை முன்கூட்டியே பார்க்க ஆளில்லாதது நாட்டுக்கே அவமானம், ஆகவே 'வருமுன் காணும் பிரபு' என்று ஒரு பதவி வேண்டும் என்றார். ராஜாவுக்கு வலப்பக்கம் ஆசனம், ராஜா கையால் முதல் தாம்பூலம்.

ராஜாவுக்குக் குஷி வந்துவிட்டது. "அப்படி யார் இருக்கிறார்?"

"சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தராசு கவிழ்வதற்கு முதல் நாளே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது."

ராஜா வெற்றிலையை மடித்து மந்திரி பக்கம் நீட்டினான். தாண்டவராயருக்குப் பொறுக்கவில்லை. முதல் நாள் சந்தேகப்பட்டவனுக்கு இவ்வளவு மரியாதையா? எழுந்துவிட்டார்.

"மகாராஜா, இவர் கண்டது என்ன பெரிய காட்சி! கிழிந்த பாய்க்குக் கூட்டுக்காரர்கள் கோணியை ஒட்டுப்போட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. மாலுமிகளுக்குக் கூலிக்குப் பதில் கருவாடு கொடுத்தார்கள். இனி தேறாது என்று கூட்டின் கணக்கப்பிள்ளை வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து பணத்தைக் கறந்துகொண்டு வந்தேன். இந்தச் சபையில் வேறு யாருக்கு அந்தச் சாமர்த்தியம் இருந்தது?"

"பதவி இவருக்கே பொருத்தம். தாம்பூலத்தைக் கொடுங்கள்" என்றார் மருதப்பர்.

தாண்டவராயர் கண்ணை மூடி ரசித்து மென்றார். மந்திரி முத்தாச்சியைப் பார்த்து, பணத்தை ஏற்றிவர ஒரு வண்டியைப் பிரபுவின் வீட்டு வாசலுக்கு ஓட்டச் சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது. சும்மா பெருமைக்குச் சொன்னேன் என்று குழறினார். ராஜாவிடம் பொய் சொன்னவருக்கு என்ன தண்டனை என்று மருதப்பர் மெதுவாக விசாரித்தார். பிரபு வெற்றிலையை அப்படியே விழுங்கினார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். பிறகு, "வருமுன் காணும் பிரபுவே, இது மட்டும் ஏன் உமக்கு முன்னாலேயே தெரியவில்லை?" என்று கேட்டான்.

பணம் பொதுப் பங்கில் சேர்ந்தது. தாண்டவராயரும் கடன் கொடுத்தவர்தானே, அவருக்கும் பங்கு உண்டு என்றார்கள். பாய் தைத்த பெண்களுக்குப் பின்னால் வெயிலில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார். அன்று மணற்கரையில் சோறு இறங்காமல் அடுப்பெரியாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது யார் வீடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.