இரண்டு பொட்டலம்

முன்னொரு காலத்தில் கடலோரத்து நெய்தலூரை வல்லபராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். அவருடைய ஒரே மகன் சேந்தன் கப்பலேறிப் போனான், கப்பல் திரும்பவில்லை. மூழ்கியதாகவும் யாரும் சொல்லவில்லை.

அரசர் தினமும் காலையில் பூக்கட்டிப் பார்ப்பார். வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளி ஒரு பொட்டலத்திலும் வாழையிலையில் மடித்து அம்மன் முன் வைப்பார்கள். வெள்ளை வந்தால் சேந்தன் வருவான். அன்று கைதிகளுக்கெல்லாம் விடுதலை. சிவப்பு வந்தால் சமையற்காரனுக்குக்கூடத் திட்டு விழும்.

ஒருநாள் அரசர் சொன்னார்: “என்னால் முடியவில்லை. இன்று கேட்பதுதான் கடைசி. சிவப்பு வந்தால் அவனுக்குக் காரியம் செய்துவிடலாம். கலங்கரை விளக்கத்தையும் அணைத்துவிடுங்கள்.”

பூக்கட்டும் பொறுப்பு காரிநாதருடையது. அரசரின் தங்கை மகளை இந்தக் காரிநாதரின் மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தது. சேந்தன் இல்லையென்றால் பட்டம் அந்த மகனுக்கு.

அரசர் கையை நீட்டியபோது மந்திரி அம்பலவாணர் எழுந்தார். வரும் வழியில் கோயில் நந்தவனத்தைப் பார்த்திருந்தார். நந்தியாவட்டைச் செடியில் ஒரு பூகூடப் பறிக்கப்படவில்லை.

“அரசே, பெரிய கேள்வி. அம்மன் கவனமாக இருக்கிறாளா என்று முதலில் சின்னதாக ஒன்று கேட்டுப் பார்ப்போமே. நெய்தலூர் அரசர் இப்போது சபையில் இருக்கிறாரா? இருந்தால் வெள்ளை.”

அரசர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

“காரிநாதரே, நீங்களே சொல்லுங்கள்,” என்றார் மந்திரி. “பூ பொய்யா, அரசர் பொய்யா?”

காரிநாதர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். “அம்மன் வேறு அரசரை நினைத்திருக்கலாம்.”

“எந்த அரசரை? உம்ம மகனையா?” என்று கேட்டபடி வல்லபராயர் மற்ற பொட்டலத்தையும் பிரித்தார். அதுவும் சிவப்பு.

சபை சிரித்தது. அரசரும் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். பட்டுத்துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, இனிமேல் மாலைதோறும் விளக்குக்கு எண்ணெய் சுமந்து படியேற வேண்டும் என்பது காரிநாதருக்குத் தண்டனை. மந்திரிக்கு அரசர் தன் மோதிரத்தைக் கொடுத்தார்.

சபை கலைந்த பிறகு அவர் மந்திரியைப் போகவிடவில்லை.

“நீர் நேர்மையாகக் கட்டும். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. பார்த்துவிடுகிறேன்.”

“கட்டுகிறேன். வெள்ளை வந்தால் இன்று நிம்மதியாகத் தூங்குவீர்களா? சிவப்பு வந்தால் சாயங்காலம் கடலைப் பார்க்காமல் இருப்பீர்களா?”

அரசர் பிரித்துப்போட்ட பொட்டலத்தைக் கையில் எடுத்தார். இலை நரம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

“உமக்கு என்ன தோன்றுகிறது? வருவானா?”

“தெரியாது, அரசே.”

“ஒரு பொய்யாவது சொல்லுமேன்.”

“அந்த வேலை பார்த்தவரை இப்போதுதானே நீக்கினீர்கள்.”

அன்று மாலை அரசரும் விளக்கு மேடைக்கு ஏறினார். காரிநாதர் எண்ணெய்க் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்.

“அரசே, இது இன்னும் எத்தனை நாளைக்கு?”

அரசர் குடத்தை வாங்கித் தானே ஊற்றினார். திரி பற்றி எழுந்தது. எதிரே கடல் வெறுமையாக இருந்தது.

“இன்றைக்கு மட்டும்,” என்றார்.

மறுநாளும் காரிநாதர் கேட்டார். மறுநாளும் அரசர் அதையேதான் சொன்னார்.